தம்பி பேரில் வாங்கிய வீடு

என் வீடு என்று நான் சொல்கிற வீட்டில் என் பெயர் எந்த மூலையிலும் கிடையாது. தரைக்கு டைல்ஸ் பார்த்து எடுத்தது நான். சமையல் மேடைக்குக் கறுப்புக் கல்தான் வேண்டும் என்று கடைகடையாய் ஏறி இறங்கியது நான். வாசல் கேட்டுக்குப் பச்சை அடித்துவிட்டுப் பல்லிளித்த பெயிண்டுக்காரனைத் திட்டி, சுரண்ட வைத்து, கறுப்பு அடிக்க வைத்ததும் நான்தான். வீட்டுக்காரி என்ற நினைப்போடு அதில் நான் நிம்மதியாகப் படுத்து எழுந்தது கிடையாது. எல்லாவற்றையும் மறந்து மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. என் தம்பியின் முகம் கறுத்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு ஒரு பிடி கூடுதலாகவே இறங்குகிறது.

கோலாசிலாங்கூரிலிருந்து புஞ்சாக் ஆலாம் போகிற பக்கத்தில் இருந்த ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா முதலில் பால்மரம் வெட்டினாள். மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உரம் தூவினாள். உரம் அரித்து அரித்து அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும், குழம்பில் கை பட்டால் கத்துவாள். நான் வளர்ந்து சிங்கப்பூருக்கு ஃபேக்டரி வேலைக்குப் போனேன். பிறகு ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளர் வேலை. அங்கேயே ஒரு மலேசியாக்கார பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டேன். சொந்தமாய் அடுக்குமாடியில் ஒரு வீடு, மகளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக வந்தபோது, குடியுரிமை வாங்கிக்கொள்வதுதான் புத்தி என்று எல்லாரும் சொன்னார்கள். வாங்கினேன். மலேசியா ஐசியை, அந்த அடையாள அட்டையை, திருப்பிக் கொடுத்தேன். புருஷனும் கொடுத்தார். கொடுத்த அன்று எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை, வீட்டுக்கு வரும் வழியில் கோழிச்சோறு வாங்கிச் சாப்பிட்டோம்.

அதற்குள் ஊரில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வீடுகளை உடைத்து, சனங்களை மலிவு விலை மாடி வீடுகளுக்குத் துரத்திவிட்டு, நிலத்தை மட்டம் தட்டினார்கள். அம்மா அந்த மாடி வீட்டில்தான் செத்தாள், லிஃப்ட் வேலை செய்யாததால் பிணத்தைப் படி வழியாக இறக்கினோம். அவள் முழு ஆயுசும் குனிந்து நிமிர்ந்த மண்ணில் அவளுக்கென்று ஒரு சாண் கூட எழுதி வைக்க எவனுக்கும் மனசு வரவில்லை. பிறகு அதே மண்ணில் புதுத் தாமான் ஒன்று எழும்பியது, வரிசை வரிசையாய் இரட்டை மாடி வீடுகள். கோயிலை மட்டும் பெரிய கால்வாய் ஓரத்தில் ஒரு மூலைக்கு நகர்த்திக் கட்டியிருந்தார்கள். திருவிழாவுக்கு வந்தவள் வீடு விற்பனை விளம்பரப் பலகையைப் பார்த்தேன். இதில் ஒரு துண்டு எனக்கு வேண்டும் என்று அங்கேயே நின்று முடிவு செய்தேன். ஆசை என்று சொல்ல மாட்டேன், வீம்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இங்கே வந்து உட்கார வேண்டும், அம்மாவின் படத்தை நடுக்கூடத்தில் மாட்ட வேண்டும், துரைமார் பங்களா இருந்த பக்கம் பார்த்து நாற்காலி போட்டுக் காலாட்ட வேண்டும்.

விற்பனைக் கொட்டகையில் இருந்த ஏஜெண்டு பக்கத்துத் தோட்டத்துப் பையன். பையன் என்றாலும் நாற்பதை நெருங்கியவன், சட்டைப் பையில் மூன்று பேனா.

"ஐசி குடுங்கக்கா, புக்கிங் போட்டுறலாம்," என்றான்.

நான் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அக்கா சிங்கப்பூரா? அப்ப நீங்க ஃபாரினர் லா."

"யாருடா ஃபாரினர்? நீ மேச போட்டு உக்காந்திருக்கியே, இந்த எடத்துல எங்க லயத்துக் கக்கூஸ் இருந்துச்சு. தெரியுமா உனக்கு?"

"எனக்குத் தெரியும்க்கா. லேண்ட் ஆபீசுக்குத் தெரியாதே."

பிறகு பொறுமையாக விளக்கினான். வெளிநாட்டுக்காரர் சிலாங்கூரில் நினைத்த வீட்டை வாங்க முடியாது. காவலும் கேட்டும் போட்ட, மில்லியன் வெள்ளிக்கு மேல் போகிற வீடுகள்தான் அவர்களுக்கு. அதற்கும் மாநில அரசு அனுமதி கொடுக்க வேண்டும். இந்த மாதிரி சாதாரண வீடு என்றால் வாயே திறக்கக்கூடாது. என்னைப் பெற்ற இடத்தில் கால் வைக்க நான் மில்லியன் கொடுக்க வேண்டுமாம். கொட்டகைக்கு வெளியே வந்து, வாயில் வந்ததையெல்லாம், அங்கே மிச்சமிருந்த ஒரு செம்பனை மரத்தைப் பார்த்துத் திட்டினேன்.

கூட வந்திருந்த தம்பிதான் தோளில் கை போட்டான். எனக்கு ஒரே தம்பி. கோயிலில் அப்போதுதான் செயலவைக்குள் நுழைந்திருந்தான், லோரி ஓட்டி, பிறகு சொந்தமாக இரண்டு லோரி வைத்திருந்தான்.

"எதுக்குக்கா இப்படிப் பதறுற? என் பேர்ல வாங்கிக்க லா. நானு மலேசியாக்காரன்தானே. பேரு எனக்கு, வீடு ஒனக்கு. ரிட்டயர் ஆகி நீ வர்ற வரைக்கும் வெளக்கு ஏத்திப் பாத்துக்கிறோம்."

இதைக் கேட்ட ஏஜெண்டு, தம்பி தண்ணீர் வாங்கப் போன நேரம் பார்த்து என்னிடம் வந்தான்.

"அக்கா, வித்தா எனக்குக் கமிஷன். இருந்தாலும் சொல்றேன், வேணாம். யாரு பேரோ அவங்க வீடுதான். நாளைக்கு ஒன்னுன்னா நீங்க கேஸ் கூட போட முடியாது."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "என் தம்பிய நான் இடுப்புல தூக்கி வளத்தவ. அவனுக்கு மூக்கு சிந்திவிட்ட கை இது. நீ வீட்ட வித்தோமா, வாயக் கட்டுனோமான்னு இரு," என்றேன். அவன் புக்கிங் ஃபாரத்தில் தம்பி பேரை எழுதினான். பணம் முழுக்க நானும் என் வீட்டுக்காரரும் வருஷக்கணக்கில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தது. என் வீட்டுக்காரர் எதற்கும் அதிகம் பேசமாட்டார். "ஒனக்கு நம்பிக்கைன்னா சரி," என்றார்.

இப்போது பால் காய்ச்சிய கதைக்கு வருகிறேன். என் முட்டாள்தனம் சபையேறியது அன்றைக்குத்தான்.

எங்கள் வழக்கத்தில் புது வீட்டில் முதல் பாலைக் காய்ச்சுவது வீட்டுக்காரனின் உடன்பிறந்தவள். அவள் பானையை வைத்து, பால் பொங்கியதும் குலவையிட வேண்டும். வீட்டுக்காரனும் அவன் மனைவியும் அவளுக்குத் தாம்பாளத்தில் புடவை, பழம், வெற்றிலை வைத்துச் சீர் செய்வார்கள். இது எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு தம்பி சிங்கப்பூருக்குப் போன் போட்டான்.

"அக்கா, ஊருக்கு நான்தான் ஓனருன்னு தெரியணும். ஃபாரினர் காசுன்னு யாராச்சும் போயி வத்தி வெச்சா வம்பு லா. அதனால நானும் அவளும் மொதல்ல உள்ள போறோம். நீ அக்காவா வந்து பால் காய்ச்சு. சும்மா பேருக்குத்தான்."

நான் சிரித்தேன். எனக்கே பால் காய்ச்சும் உரிமையும் கிடைக்கிறது, வீடும் கிடைக்கிறது என்று குளிர்ந்து போனேன். குருக்கள் வாசலில் நின்று, "வீட்டுக்காரர் தம்பதி முன்னால வாங்கோ," என்றபோது தம்பியும் அவன் மனைவியும் கலசத்தோடு முன்னால் போனார்கள். நான் மூன்றாவது ஆளாக, என் காசில் போட்ட டைல்ஸ் மேல், பால் சொம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பால் பொங்கியபோது அம்மா ஞாபகம் வந்து அழுதேன். தோட்டத்துச் சனம் எல்லாம் சுற்றி நின்றது. தம்பி பொண்டாட்டி தாம்பாளத்தை நீட்டினாள். கத்தரிப்பூ நிறத்தில் சரிகை போட்ட புடவை. குனிந்து வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதை ஒருவன் படமும் எடுத்தான். பின்னால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அம்மாவின் படம் மாட்ட நான் பார்த்து வைத்திருந்த ஆணியில்.

விளக்கேற்ற ஆள் வேண்டும் என்று அவர்கள் அங்கேயே குடியேறினார்கள். நானும் நல்லதுதானே என்று விட்டேன். கொரோனா வந்து எல்லையை மூடினார்கள். நான் ஆஸ்பத்திரியில் முகக்கவசத்துக்குள் மூச்சுமுட்டிக்கொண்டு வேலை பார்த்த அந்தக் காலம் முழுக்க, என் வீட்டின் கறுப்புக் கேட்டை வீடியோவில் பார்த்துத்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன். தம்பி கோயில் தலைவரானான். சொந்தமாக இரட்டை மாடி வீடு வைத்திருக்கிற ஆள், தோட்டத்துப் பிள்ளைகளில் அவன்தான் முதல். அந்த மரியாதையில் வந்த பதவி.

எல்லை திறந்ததும் பெட்டியோடு போய் இறங்கினேன். மேல்மாடியில் எனக்கென்று ஒதுக்கியிருந்த அறையில் துணி அயர்ன் பண்ணும் மேசையும் பழைய ஃபேனும் கிடந்தன. என் கட்டிலைக் காணோம். கீழே சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். தம்பி பொண்டாட்டி தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அண்ணி, எத்தன நாள் இருப்பீங்க?"

விருந்தாளியைக் கேட்கிற கேள்வி. தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். அன்று மாலையே தம்பியை உட்கார வைத்தேன். ஓய்வு நெருங்கிவிட்டது, அடுத்த வருஷம் வந்துவிடுவேன், நீங்கள் வேறு இடம் பாருங்கள் என்றேன். அவன் கைபேசியை நோண்டிக்கொண்டே பேசினான்.

"வேற எடமா? அக்கா, நீ இங்க எப்படி இருப்ப? வர்றப்பல்லாம் பாஸ்போர்ட்டுல சாப்பு அடிச்சுக்கிட்டுத்தானே வர்ற. நீ எப்ப வேணும்னாலும் வா, தங்கிட்டுப் போ. ஒன் வீடு மாதிரி நெனச்சுக்க."

"மாதிரியா?"

"வீடு என் பேர்ல இருக்குக்கா."

அப்போதும் அவன் நிமிரவில்லை. நான் மூக்கு சிந்திவிட்ட பயல், என் கண்ணைப் பார்த்துப் பேசத் துப்பில்லாமல் என் தலையில் மிளகாய் அரைத்தான்.

கோயிலில் பெரியவர்களைக் கூட்டினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். தம்பி பேசத் தேவையே வரவில்லை. அம்மாவோடு பால்மரம் வெட்டிய கிழவி ஒருத்தி, என்மேல் பாசமுள்ளவள்தான், அவளே கேட்டாள்.

"நீதானேடி பால் காய்ச்சுன? புடவ வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டியே, நாங்கல்லாம் பாத்தோமே. வீட்டுக்காரி சீர் குடுப்பா. வாங்குவாளா?"

கூட்டம் 'அதானே' என்றது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கோலாசிலாங்கூரில் ஒரு பெண் வக்கீலிடம் போனேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன் தம்பி பேர்ல வாங்கினீங்கன்னு ஜட்ஜ் மொதல்ல உங்களத்தான் கேப்பாரு. சட்டத்த ஏமாத்தத்தான் வாங்கினேன்னு சொல்லப் போறீங்களா?" என்றார். அதற்கு மேல் அங்கே உட்கார ஒன்றுமில்லை. எழுந்து வந்தேன்.

வீடு போயிற்று என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பரிவட்டம் கட்டிக்கொள்வானா? சிங்கப்பூர் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். சட்டத்தில் அவனைத் தொட முடியாது. சபையில் தொடலாம். சபையில்தானே அவன் என்னை ஏமாற்றினான்.

சமயம் தானாக வந்தது. மகளுக்கு வரன் அமைந்தது, மாப்பிள்ளை வீடு சுங்கை சோ பக்கம். கல்யாணத்தை எங்கள் தோட்டத்துக் கோயிலில், தம்பி தலைவராக இருக்கிற அதே கோயிலில் வைக்கலாம் என்றேன். மகளுக்கு ஆச்சரியம். சம்பந்தி வீட்டுக்கு அங்கிருந்து வர வசதி என்று சமாளித்தேன். பிறகு வெற்றிலை பாக்கோடு தம்பி வீட்டுக்கு, என் வீட்டுக்கு, நேரில் போய் அழைத்தேன்.

"பழசெல்லாம் விடு. தாய்மாமன் இல்லாம எம்மக கழுத்துல தாலி ஏறுமா?"

அவன் அப்படியே உருகிவிட்டான். அக்கா மனசு இறங்கிவிட்டாள், ஊர் வாயும் அடைந்துவிடும் என்று அவனுக்கு நிம்மதி. "பாரு, சீர் எப்படி வருதுன்னு," என்றான். எடுத்து வாடா, நல்லாப் பெருசா எடுத்து வா என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அங்கிருந்து நேராக ஏஜெண்டைப் பார்க்கப் போனேன். ஈஜோக் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். விஷயத்தைச் சொன்னதும் அவன் ரொட்டி சானாயைக் கீழே வைத்துவிட்டான்.

"தாய்மாமனாவா? நானா? அக்கா, ஒங்களுக்கும் எனக்கும் ஒறவு கூட கெடயாது. ஊரு சும்மா இருக்குமா? என்னய வம்புல மாட்டிவிடாதீங்க லா."

"அன்னிக்கு வேணாம்னு சொன்ன ஒரே ஆளு நீ. எனக்கு நல்லது சொன்னவன் எவனோ அவன்தான் கூடப்பொறந்தவன். வருவியா மாட்டியா?"

அவனுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லையாம். மாலை எந்தக் கடையில் வாங்குவது, வேட்டி என்ன கரை என்று கேட்டபோது வந்துவிடுவான் என்று புரிந்தது.

கல்யாணத்தன்று காலை, தலைக்குப் பூ வைக்கும்போது மகளிடம் சொன்னேன். கண்ணாடியில் அவள் என்னை முறைத்தாள்.

"அம்மா, இது என் வெட்டிங் லா. உங்க கேஸ் நடத்துற கோர்ட்டு இல்ல."

"ஒரு நிமிஷ வேல. நீ தலையக் குனிஞ்சுக்கிட்டு நில்லு."

"ஹேட் யூ, மா," என்றாள். பூ வைக்கிற பெண் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்காத மாதிரி நின்றாள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "விட்டுடேன்," என்றார். நான் விடவில்லை.

தம்பி வந்தான். அவன் வந்த அழகை நான் சொல்லியே ஆக வேண்டும். கறுப்புக் கேட்டிலிருந்து கோயில் வரைக்கும் உறுமி மேளம். தாம்பாளம் தாம்பாளமாய்ப் பழம், இனிப்பு, பட்டு. முன்னால் அவன், பட்டு வேட்டி, கழுத்தில் சங்கிலி, கையில் புடவைத் தாம்பாளம். பக்கத்தில் அவன் பொண்டாட்டி கைக்கொள்ளாத வளையலோடு. தோட்டத்துச் சனம் முழுக்க அங்கே இருந்தது. எனக்குக் கேள்வி கேட்ட அந்தக் கிழவியை நானே ஆள் அனுப்பி அழைத்து, முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தேன்.

"பொண்ணோட தாய்மாமன் வாங்கோ, மாலை போட்டு அழச்சிண்டு வாங்கோ," என்றார் குருக்கள்.

தம்பி படியில் கால் வைத்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தாய்மாமன் அங்க இருக்காரு," என்று பின்வரிசையைக் காட்டினேன். ஏஜெண்டு எழுந்தான். அவன் கையில் ஒரே ஒரு சின்னத் தாம்பாளம், அதன்மேல் ஒரு மாலை. மாலை சரியாமல் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

மேளம் ஒவ்வொன்றாய் நின்றது. தம்பிக்குப் புரியவில்லை, சிரித்தான். "என்னாக்கா, வெளையாடுறியா?"

"ஒங் கையால ஒரு தடவ புடவ வாங்குனேன். அதுக்கு ஒரு வீடு போச்சு. இன்னொரு தடவ வாங்க எங்கிட்ட வீடு இல்லடா."

சத்தமாகத்தான் சொன்னேன். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று வயிற்றிலிருந்து சொன்னேன். தாம்பாளத்தில் இருந்த ஆரஞ்சுப் பழம் ஒன்று உருண்டு படியில் விழுந்தது. அவன் அதை எடுக்கக் குனியக்கூட இல்லை. முதல் வரிசைக் கிழவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "அடிப்பாவி, அப்ப நெசந்தானா?" என்றாள். தம்பி ஒரு வார்த்தை மறுத்திருந்தால் போதும், சனம் அவன் பக்கம் சாய்ந்திருக்கும். அவன் மறுக்கவில்லை. வாசலைப் பார்த்தான், பொண்டாட்டியைப் பார்த்தான், தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டே திரும்பி நடந்தான். உறுமிக்காரர்கள் வாசிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவன் பின்னாலேயே சும்மா போனார்கள்.

ஏஜெண்டு என் மகளுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். அவள் தலையைக் குனிந்தேதான் வந்தாள். தாலி கட்டி முடிகிற வரை என் பக்கம் திரும்பவில்லை. அழுதாள், சனம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் நெஞ்சு முழுக்கக் குளிர்ந்திருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

அதன் பிறகு நடந்ததை எல்லாம் ஏஜெண்டு போனில் சொல்லச் சொல்லக் கேட்டு ருசித்தேன். திருவிழாவில் தம்பிக்குப் பரிவட்டம் கட்டப் போனபோது யாரோ பின்னாலிருந்து, "அக்கா காசுல வாங்குனதா?" என்றார்களாம். சிரிப்பை அடக்க முடியாமல் நாதஸ்வரக்காரரே இருமினாராம். அடுத்த கூட்டத்தில் அவன் தலைவராக இல்லை. அவன் பொண்டாட்டி காய் வாங்கப் பாசாருக்குப் போனால், "அண்ணி எத்தன நாள் இருப்பாங்க?" என்று பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்களாம். அந்தக் கேள்வியை ஊருக்குச் சொன்னது நான்தான். கிழவியிடம் ஒரு தடவை சொன்னால் போதும்.

ஒருநாள் நான் ஆஸ்பத்திரியில் மதிய உணவு நேரத்தில் இருக்கும்போது ஏஜெண்டு கூப்பிட்டான்.

"அக்கா, ஒங்க வீட்ட விக்கிறாங்க. வேற ஏஜெண்டுகிட்ட குடுத்திருக்காங்க, எங்க குரூப்புல வந்துச்சு. புக்கிட் பெருந்துங் பக்கம் போறாங்களாம்."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "நான் வாங்குறேன்," என்றேன். யோசிக்கவே இல்லை. சிங்கப்பூரில் இருக்கிற அடுக்குமாடி வீட்டை விற்றாவது வாங்குகிறேன் என்றேன்.

"அக்கா... ஒங்க பாஸ்போர்ட்டு."

"ஆமா."

"வீட்டுல வேற யாருகிட்டயாச்சும் மலேசியா ஐசி இருக்கா?"

நினைத்துப் பார்த்தேன். புருஷன் சிங்கப்பூர். மகள் அங்கேயே பிறந்தவள். மருமகனிடம் ஐசி இருக்கிறது, ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு மகள் என்னிடம் பேசுவதே அளந்துதான், அவனிடம் எந்த முகத்தோடு கேட்பது? அப்பா அம்மா இல்லை. என்னோடு பிறந்தவர்களில் மலேசியா ஐசி வைத்திருப்பவன் ஒரே ஒருத்தன். அவனைத்தான் நான் அந்தத் தாமானை விட்டே ஓட ஓட விரட்டியிருந்தேன்.

"தம்பி," என்றேன். ஏஜெண்டை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நீதானே எம்மகளுக்குத் தாய்மாமன். ஒன் பேர்ல வாங்கலாமா?"

அவனுக்குப் பின்னால் லோரி ஒன்று ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டது.

"வேணாம்க்கா," என்றான். "என்னயும் நம்பாதீங்க."

வீடு காலி செய்த அன்று நான் பஸ் பிடித்து வந்தேன். பார்த்தே ஆக வேண்டும் என்று வந்தேன். எதிர்ச்சாரியில் ஏஜெண்டின் காடியில் உட்கார்ந்து, தம்பியின் சோபா, அலமாரி, சாமி மேசை எல்லாம் அவன் லோரியிலேயே ஏறுவதைப் பார்த்தேன். நான் பால் காய்ச்சிய படம் கடைசியாக வந்தது. தம்பி பொண்டாட்டி என்னைப் பார்த்துவிட்டாள். ரோட்டைக் கடந்து வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"திருப்தியா அண்ணி?"

"ரொம்ப," என்றேன்.

தம்பி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலை பாதி நரைத்திருந்தது. வீடு விற்ற பணம் அவன் பையில், எனக்கு அதில் ஒரு சல்லியும் இல்லை. ஆனால் அவன் இனி எந்த ஊரில் எந்த வீட்டில் பால் காய்ச்சினாலும், கூப்பிட அவனுக்கு அக்கா கிடையாது. லோரி திரும்புகிற வரை பார்த்தேன்.

புது ஆட்கள் பால் காய்ச்சுகிறார்கள் என்று ஏஜெண்டு சொன்ன அன்றும் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கால் போயிற்று. கேட் கறுப்பாகவே இருந்தது, மாவிலை கட்டியிருந்தார்கள். உள்ளே கூட்டம். அடுப்படியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே குனிந்து தாம்பாளத்தை வாங்கினாள், ஆள்கள் படம் எடுத்தார்கள். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, பட்டுப் புடவை கட்டிய வீட்டுக்காரப் பெண் டம்ளரோடு ஓடி வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும், முகம் முழுக்கச் சந்தோஷம்.

"வெளிய ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்கக்கா. பால் குடிச்சிட்டுத்தான் போகணும்."

செருப்பைக் கழற்றினேன். காலுக்குக் கீழே என் டைல்ஸ் சில்லென்று இருந்தது. வாசற்படிக்கு உள்ளே ஒரு அடி வைத்து அங்கேயே நின்றுகொண்டேன். கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"அக்கா இந்தத் தாமான்தானா? எந்த வீடு?"

அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

"இல்லம்மா," என்றேன். "நான் வெளிநாடு."

அவள் தலையாட்டிவிட்டு, அடுத்து வந்தவர்களை அழைக்கப் போனாள். நான் பாலைக் குடித்துவிட்டு டம்ளரைப் படியில் வைத்தேன்.